வீரம்மாவின் வாழ்வும் நம் கடமையும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய விழாக்களில் தலைவர்களின் வரலாற்றை எடுத்துரைப்பது மரபு. பண்டித அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. இராஜா, அன்னை மீனாம்பாள் சிவராஜ் ஆகிய பெருமக்களின் தொண்டு நாம் என்றும் மறத்தற்குரியதன்று. ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டவர் தலைவர் அல்லர். பள்ளிக்கூடத்து வாயிலை மிதித்தறியாதவர், வயலில் உழைத்தவர், அம்மனைக் கும்பிட்டவர், கணவனும் பிள்ளைகளுமே தம் உலகம் என்று வாழ்ந்தவர். புதுச்சேரியை அடுத்த ஒரு சிற்றூரின் சேரியில் வாழ்ந்த அப்பெண்மணியின் பெயர் வீரம்மா.

துறைமுகமும் ஆலைகளும் சூழ்ந்த இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நமக்கு ஒரு கிராமத்துப் பெண்மணியின் கதை எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. விடை நம் வீடுகளிலேயே இருக்கிறது. நம்முள் பலருடைய முன்னோர் செங்கற்பட்டு, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களின் சேரிகளிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள். 1856-இல் இராயபுரம் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1870-களில் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கியது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் நாட்டை வாட்டியபோது, பட்டினிக் கூட்டத்திற்குக் கூலி கொடுத்து வெட்டுவித்த பகுதியும் சேர்ந்தே பக்கிங்காம் கால்வாய் நிறைவுற்றது. அதன்பின் பின்னி ஆலைகளும் பிற தொழிற்சாலைகளும் எழுந்தன. இவற்றுக்கெல்லாம் கை கொடுத்த மக்கள் கிராமத்தை விட்டு வந்தார்களேயன்றிக் கிராமத்துத் தாயை விட்டு வரவில்லை. அவள் மூட்டை முடிச்சோடு உடன் வந்தாள். தன் அம்மனையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் கொண்டு வந்தாள். ஆகவே வீரம்மாவின் கதை நம் பாட்டியின் கதையே.

வீரம்மா பறையர் குலத்தில் பிறந்தவர். வயற்கூலி வேலை செய்தவர், சேரியில் பிரசவம் பார்த்தவர், பாடுவதில் வல்லவர். நாட்டார் இசையை ஆராய்ந்த ஜோசியான் ரசீன் என்னும் தமிழ்ப் பெண்மணிக்கு இவரோடு பழக்கம் ஏற்பட்டது. பாட்டில் தொடங்கிய பழக்கம் வாழ்க்கைக் கதையாக வளர்ந்தது. பத்தாண்டுக் காலம் வீரம்மா சொல்லச் சொல்ல அவர் கேட்டுப் பதிவு செய்தார். பின்னர் அவரும் அவர்தம் கணவர் ழான்-லுக் ரசீனும் அதனைப் பிரெஞ்சு மொழியில் நூலாக்கினர். 1995-இல் பாரிசு நகரில் அந்நூல் வெளியாயிற்று. 1997-இல் ஆங்கிலத்திலும் வந்தது. உலகப் புகழ் பெற்ற மானிடவியல் அறிஞர் லெவி-ஸ்ட்ராசின் நூல் 1955-இல் எந்த நூல்வரிசையில் வந்ததோ, அதே வரிசையில்தான் எழுத்தறியாத நம் வீரம்மாவின் கதையும் வந்தது. நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர்களுள் முதற்பெயராக நிற்பது அவர் பெயரே. பிரெஞ்சு நூலின் துணைத்தலைப்பைத் தமிழாக்கினால் ‘அடிமைப்பட்டோரின் சிரிப்பு’ என்று பொருள்படும். இச்சொற்றொடரை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இனி அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகக் காண்போம்.

விளையாட்டுப் பருவத்திலேயே, பூப்பெய்துவதற்கு முன்னரே அவருக்குத் திருமணம் ஆயிற்று. திருமணம் என்றால் என்னவென்று தெரியாத வயது. பெரியவளான பின் கணவன் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு இருந்தது அச்சம் ஒன்றே. குழந்தை மணத்தைத் தடுக்க ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் 1929-இல் சாரதா சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் சட்டம் சேரியின் ஒற்றையடிப் பாதையில் இறங்கி வர நெடுங்காலம் ஆயிற்று.

கணவர் ஊர்ப் பெருநிலக்கிழாரான ரெட்டியாரிடம் படியாள். படியாள் என்னும் சொல்லின் பொருள் இக்காலப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூலி பணமாகத் தரப்படுவதில்லை; நெல்லாகப் படியால் அளந்து தரப்படும். திருமணத்துக்கோ சாவுக்கோ பண்ணையில் கடன் வாங்குவார்கள். அக்கடன் தீரும்வரை உழைப்பு பண்ணைக்கே உரியது. கடனோ தீராது, தந்தைக்குப் பின் மகன் தோளுக்கு மாறும். நம் நாட்டில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் வந்தது. கணவன் படியாள் என்றால் மனைவிக்கும் பண்ணையில் வேலை உண்டு. நாற்று நடுவதும் களை பறிப்பதும் அறுப்பதும் பெண்களின் பங்கு. வளைந்த முதுகு நிமிராமல் சேற்றில் நின்றபடி நடவுப் பெண்கள் பாடுவார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்பாடுவார்கள். அவ்வாறு அடியெடுத்துக் கொடுப்பவர் வீரம்மா.

அவர் பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றார். மூவரே எஞ்சினர்.

இந்த எண்ணிக்கையைக் கணக்குப் பாடம்போல் கேட்டுவிட்டுக் கடந்துபோதல் கூடாது. பன்னிரண்டு முறை சுமந்து, பன்னிரண்டு முறை வலி பொறுத்து, ஒன்பது முறை பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த தாய் அவர். அத்தாயே அண்டை வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்தால் எழுந்தோடிச் சென்று பிரசவம் பார்த்தார். தாலாட்டுப் பாடியவரும் அவரே. சாவு வீட்டில் ஒப்பாரி சொல்லியவரும் அவரே. தம் துயரைப் பிறர் துயரோடு சேர்த்துப் பாடித் தீர்த்துக்கொள்ளும் கலையை நம் தாய்மார் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை.

அவருடைய பக்தியைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேசவேண்டும். ஏனெனில் நம் இளைஞர்களுள் சிலர் இதனை மூடநம்பிக்கை என்னும் ஒரே சொல்லால் தள்ளிவிடுகிறார்கள்.

நம் மூதாதையர்க்கு ஊர்க்கோவில் வாயில் அடைத்துக் கிடந்தது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் முழு அளவில் வந்தது 1947-இல். அதுவரை சேரித் தாயின் தெய்வம் கோபுரத்துக்குள் இருந்ததில்லை. வேப்பமரத்தடியில் இருந்தாள், எல்லையில் இருந்தாள், அம்மை கண்ட பிள்ளையின் உடம்பிலேயே இறங்கி வந்தாள். பெரியம்மை என்னும் கொடுநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் தாய் செய்யக்கூடியது என்ன? பிள்ளையைத் தனியே கிடத்தினாள், வேப்பிலையால் வருடினாள், வீட்டைச் சுத்தமாக வைத்தாள், மாரியம்மாள் வந்திருக்கிறாள் என்று அடங்கிய குரலில் பேசினாள். வைத்தியனும் அரசும் எட்டிப் பாராத குடிசையில் அவளுக்குத் துணை நின்றது அந்த நம்பிக்கை ஒன்றே. கருவுற்ற பெண்ணைப் பிடிக்கும் காட்டேரியைப் பற்றியும் வீரம்மா அச்சத்தோடு சொல்கிறார். பிரசவத்தில் பெண்கள் செத்துக்கொண்டிருந்த ஊரில் அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. காரணம் இன்னதென்று சொல்லத்தான் யாரும் இல்லை.

இப்பக்தி நம் வட சென்னையிலும் அழிந்துவிடவில்லை. ஆடி மாதத்தில் தெருத்தோறும் கூழ் வார்ப்பதையும், பெரியபாளையத்துப் பவானி அம்மனுக்கு வேப்பிலை ஆடை உடுத்தி வேண்டுதல் செலுத்துவதையும் யார் அறியார்? கூழ் வார்க்கும் நாளில் வந்தவர் யாரென்று பாராமல் அனைவர்க்கும் ஊற்றுகிறார்களே, அதனை நம் தாய்மார் எந்தச் சமத்துவ நூலையும் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. இந்த ஈரத்தைப் போற்றுவோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு முதலில் செல், கோவிலுக்குப் பின்னர் செல் என்று மட்டும் சொல்வோம். 1975-க்குப் பின் நம் நாட்டில் பெரியம்மை தோன்றவில்லை. 1977-இல் நாடு அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அம்மனைக் கும்பிட்ட தாய்மார் தம் பிள்ளையின் கையை அம்மை குத்த நீட்டியதாலும் அன்றோ அது கைகூடிற்று!

இப்போது உரையின் நடுப்பகுதிக்கு வருகிறோம்.

வீரம்மாவின் மகன் புதிய காலத்துப் பிள்ளை. அரசியல் கட்சிகளின் பேச்சைக் கேட்டவர். சமத்துவம் என்னும் சொல்லை அறிந்தவர். தாயோ, அவரவர்க்கு அவரவர் நிலை என்று விதித்திருக்கிறது, நாம் நம் நிலையில் அடங்கியிருந்தால் நமக்குக் கேடில்லை, பஞ்ச காலத்தில் படியளப்பவர் பண்ணையார்தானே என்னும் எண்ணமுடையவர். மகனுக்கு இது பொறுக்கவில்லை. ஒரே குடிசைக்குள் இரண்டு காலங்கள் எதிரெதிரே நின்று வாதிடுவதை அந்நூலில் காண்கிறோம்.

இளைஞர்களே, உங்களுள் பெரும்பாலோர் மகன் பக்கமே நிற்பீர்கள். நாமும் அப்பக்கமே நிற்கிறோம். பிறப்பினால் நிலை விதிக்கப்பட்டது என்பதை ஒருபோதும் ஏற்றுக்கொள்ள இயலாது. ஆயினும் தாய் ஏன் அவ்வாறு பேசினார் என்று ஆராயாமல் அவரை அறியாதவர் என்று முடிவுகட்டுவது படித்தவர்க்கு அழகன்று.

1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் நம் மக்களின் நிலைபற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடிசை போட்டிருக்கும் மண்கூட நம்மவர்க்குச் சொந்தமில்லை, எதிர்த்து வாய் திறந்தால் அந்த மண்ணிலிருந்தே வெளியேற்றப்படுவர் என்னும் கொடுமையை அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று போராடும் நிலம் அவ்வறிக்கையின் விளைவாக 1892 முதல் வழங்கப்பட்டதே. அன்றைக்கு மட்டுமா? 1968 டிசம்பர் 25-ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் என்ன நடந்தது? கூலி நெல் உயர்வு கேட்டுப் போராடிய மக்களின் குடிசையில் 44 உயிர்கள் எரிந்து சாம்பலாயின. அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அடங்கிப் போ மகனே என்று சேரித் தாய் சொன்னபோது அவள் கண்முன் நின்றது அந்தத் தீ. ஒன்பது பிள்ளைகளைப் புதைத்த தாய் பத்தாவது பிள்ளையையும் இழக்க அஞ்சுவதில் வியப்பென்ன?

இப்போது அத்துணைத் தலைப்பை நினைத்துப் பாருங்கள். வீரம்மா அழுதுகொண்டே கதை சொல்லவில்லை. சிரிக்கிறார், கேலி பேசுகிறார், ஊர்ப் பெரியவர்களின் குறைகளை உள்ளங்கை நெல்லிக்கனிபோல் அறிந்து வைத்திருக்கிறார். வாயால் அடங்கியவர் மனத்தால் அடங்கவில்லை என்பதற்கு அந்தச் சிரிப்பே சான்று. மகன் எழுப்பிய கேள்வி வெளியிலிருந்து வந்ததாக எண்ணுகிறோம். அக்கேள்வியின் விதை தாயின் சிரிப்பிலும் இருந்தது என்பது நம் துணிபு.

அண்ணல் அம்பேத்கரின் இல்வாழ்க்கையிலும் இதற்கு ஒப்பான செய்தி உண்டு. அன்னை இரமாபாய் கொங்கணக் கடற்கரைச் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தந்தை துறைமுகத்தில் மீன்கூடை சுமந்து பிழைத்தவர். துறைமுகத்தை நம்பி வாழும் நமக்கு அவர் அயலார் அல்லர். இரமாபாய் ஐந்து மக்களைப் பெற்று நால்வரை இழந்தார். கணவர் வெளிநாட்டில் படித்த காலத்தில் வறுமையில் குடும்பத்தைக் காத்தார். விரதமும் வழிபாடும் மிக்கவர். பண்டரிபுரம் சென்று விட்டலனை வணங்க வேண்டும் என்று கணவரிடம் வேண்டினார். தீண்டப்படாதவரைத் தொலைவில் நிறுத்தும் கோவிலுக்குச் செல்வதால் என்ன பயன், நாமே வேறொரு பண்டரிபுரத்தை உண்டாக்குவோம் என்னும் கருத்துப்பட அண்ணல் விடையிறுத்தார். அம்மையாரின் ஆசை நிறைவேறாமலே 1935-இல் அவர் மறைந்தார். ஆயினும் அண்ணல் மனைவியின் பக்தியை இகழ்ந்தாரில்லை. 1940-இல் வெளியிட்ட பாகிஸ்தான் பற்றிய தம் நூலை அவர் நினைவுக்கே படைத்தார். அந்த அண்ணல்தான் 1927 டிசம்பரில் மகத்தில் திரண்ட பெண்களிடம், இழிவைக் காட்டும் உடையையும் அணியையும் விட்டொழியுங்கள், மகளிரையும் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று அறிவுறுத்தினார். தாயை மதித்தலும் தாயின் தளையை அறுத்தலும் ஒருவர் நெஞ்சிலேயே ஒன்றாக இருக்கக்கூடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.

நம்மிடையே வேறொரு பழக்கமும் உண்டு. மேடையில் தாயைத் தெய்வம் என்போம். தியாகச் சுடர் என்போம். வீட்டுக்குச் சென்றதும் அத்தெய்வத்திடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்வோம். வீரம்மாவின் பொறுமையை இவ்வாறு பாராட்டி முடித்துக்கொள்வது எளிது. ஆனால் ஒன்பது பிள்ளைகளின் சாவு தியாகம் அன்று. அது தடுத்திருக்கக்கூடிய இழப்பு. தூய்மையற்ற கருவியால் கொப்பூழ்க்கொடி அறுப்பதால் வரும் ரணஜன்னியும், வயிற்றுப்போக்கும், காய்ச்சலும் நம் சேரிகளில் எத்தனை பச்சிளங் குழந்தைகளைக் கொண்டுபோயின! கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி போடுதலும் மருத்துவமனைப் பிரசவமும் பெருகியபின், பிறந்த குழந்தைக்கு வரும் ரணஜன்னி நம் நாட்டில் ஒழிக்கப்பட்டதாக 2015-இல் உறுதி செய்யப்பட்டது. அவர் விதி என்றதை நாம் வசதியின்மை என்று படிக்கக் கற்றிருக்கிறோம். நம் பகுதித் தாய்மார்க்கு இராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை நடை தொலைவில் இருக்கிறது. வீரம்மாவுக்கு அது இல்லை.

கல்வியின் கணக்கையும் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கின்படி, இந்திய அளவில் தாழ்த்தப்பட்டோருள் எழுத்தறிந்த பெண்கள் 1961-இல் நூற்றுக்கு 3.29; 1981-இல் 10.93, 2011-இல் 56.46. அரை நூற்றாண்டில் இவ்வளவு உயர்வு என்று மகிழலாம். எஞ்சிய நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோரை நினைத்து வருந்தவும் வேண்டும்.

எனவே சங்கத்தின் முன்னும் இளைஞர்களின் முன்னும் மூன்று பணிகளை வைக்கிறோம்.

முதலாவது, கேட்டு எழுதுதல். வீரம்மாவின் கதை பாரிசுவரை சென்றதற்குக் காரணம், அருகில் அமர்ந்து கேட்க ஒருவர் இருந்ததே. நம் தெருக்களில் எத்தனை வீரம்மாக்கள் கேட்பாரின்றி மறைகிறார்கள்! ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேடு எடுத்துக்கொண்டு தம் பாட்டியிடமோ அயல்வீட்டு மூதாட்டியிடமோ அமருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், ஏன் வந்தீர்கள், முதலில் என்ன வேலை செய்தீர்கள், எத்தனை பிள்ளை பெற்றீர்கள், என்ன பாட்டுப் பாடுவீர்கள் என்று கேளுங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தி எழுதாதீர்கள். கைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்வது இன்னும் எளிது. அவற்றைச் சங்கத்தின் நூலகத்தில் சேர்ப்போம். நம் வரலாற்றை நாம் எழுதாவிடில் அது எழுதப்படாமலே போகும். 1992-இல் பாமா ‘கருக்கு’ எழுதினார். நம் பெண்ணின் வாழ்வை நம் பெண்ணே எழுதினால் எத்தகைய வலிமை பிறக்கும் என்பதைத் தமிழுலகம் அப்போது கண்டது.

இரண்டாவது, பெண்பிள்ளையின் படிப்பு இடையில் நிற்காமல் காத்தல். பள்ளி வருகைப் பதிவேட்டைப் புரட்டுபவர்கள் அறிவார்கள்: ஒன்பதாம் வகுப்பில் பெயர் இருக்கும், பிள்ளை இராது. தாய் சித்தாள் வேலைக்குப் போனால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் வீட்டில் நிற்கிறாள். அண்ணன் மட்டும் பள்ளிக்கு வருகிறான். குடும்பப் பற்று பெண்ணுக்கு மட்டுமே உரிய கடமை என்னும் எண்ணத்தை மாற்றுங்கள். தம்பிமார்களே, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதாலும் அரிசி களைவதாலும் உங்கள் ஆண்மை குறைந்துவிடாது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் நம் வட சென்னை பாரதி மகளிர் கல்லூரியிலேயே தொடங்கிவைக்கப்பட்டது. வந்த உதவியைப் பெறுவதற்கேனும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்ட வேண்டாமா?

மூன்றாவது, தாய்மார்க்கு எழுத்தறிவு. சங்கத்தில் மாணவர்க்கு நடப்பதுபோல் தாய்மார்க்கும் வாரத்தில் இரு மாலைகள் வகுப்பு நடத்தவேண்டும். கைந்நாட்டு வைக்கும் தாய் தம் பெயரை எழுதட்டும். பேருந்தின் பலகையையும் மருந்துச் சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் படிக்கட்டும். அம்மன் பாட்டையே முதற்பாடமாக வைத்தால்கூட நமக்குத் தடையில்லை. தமக்குத் தெரிந்த பாட்டின் எழுத்தைக் கண்ணால் காணும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சிக்கு ஈடு ஏது? கற்பிக்கும் பொறுப்பை நம் சங்கத்தால் படித்துப் பட்டம் பெற்றவர்களே ஏற்கவேண்டும்.

தாய்மார்களே, இறுதியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பக்தி உங்களோடு இருக்கட்டும். விளக்கேற்றுங்கள், கூழ் ஊற்றுங்கள், பொங்கல் வையுங்கள். நாம் இப்படித்தான் பிறந்தோம், இப்படித்தான் இருப்போம் என்னும் ஒரு சொல்லை மட்டும் பிள்ளைகளின் காதில் போடாதீர்கள். வீரம்மா அச்சத்தினால் அச்சொல்லைச் சொல்லவேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அச்சம் இல்லாதபடி சட்டமும் சங்கமும் கல்வியும் துணை நிற்கின்றன.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் முதல் தலைமுறைப் படிப்பாளிகளை உருவாக்கி வந்திருக்கிறது. அப்படிப்பாளிகளின் வீட்டில் எழுத்தறியாத தாய் ஒருவரும் இல்லை என்னும் நிலையைப் பொன்விழாவுக்குள் எய்துவோமாக.